சோறு இறங்கும் பாதை

பாக்கார் ஆராங் என்ற பெயருக்கு மலாய் மொழியில் கரி எரித்தல் என்று பொருள். சுங்கைப்பட்டாணியை ஒட்டிய இந்த ஊரில் இன்று தொழிற்சாலைகளையும் தாமான்களையும் கடைகளையும் காண்கிறோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய நம் குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. கரி எரிவது ஊரின் பெயரில் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நம்மில் பலருடைய நெஞ்சுக்குள்ளும் ஒரு கரியடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இரவில் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு காந்துகிறது. தொண்டைவரை புளிப்பு ஏறுகிறது. வாயுத் தொல்லை என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். வேறு சிலருக்கு எரிச்சல் இருப்பதில்லை. விழுங்கிய சோறு நடுநெஞ்சில் சிக்கி நிற்பதுபோல் இருக்கிறது. ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்து அதைத் தள்ளிவிடுகிறார்கள். வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை.

இந்த இரண்டும் உணவுக்குழாய் நமக்கு அனுப்பும் செய்திகள். தலைவலியையும் முதுகுவலியையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் இந்தக் குழாயைப் பற்றிப் பேசுவதில்லை. அது மிகவும் பொறுமையான உறுப்பு. நெடுங்காலம் வாய் திறக்காமல் தாங்கிக்கொள்ளும். ஆகவே அது முறையிடத் தொடங்கும் நாளிலேயே நாம் காதுகொடுக்க வேண்டும். இன்று நாம் சொல்ல வருவது இதுதான்: சோறு விழுங்கும்போது தடுக்கிறது என்றால், எந்த வயதிலும் அது இயல்பான காரியம் அல்ல. தடுக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.

முதலில் இந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் கழுத்தில் இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். கையால் தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படும். அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல் இறங்குவது உணவுக்குழாய். வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்று அதிகம். கிணற்றில் கல் விழுவதுபோல் சோறு அதில் விழுவதில்லை. குழாயின் சுவர் தசையால் ஆனது. மாட்டின் காம்பை மேலிருந்து கீழாக விரல்களால் அழுத்திப் பால் கறக்கிறோம் அல்லவா? அதுபோல அந்தத் தசை மேலிருந்து கீழாகச் சுருங்கி, சுமார் 10 வினாடிகளில் கவளத்தை இரைப்பையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. படுத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாலும் அது வயிற்றுக்குப் போய்ச் சேருவது இதனால்தான்.

குழாயின் அடிமுனையில், அது இரைப்பையோடு சேரும் இடத்தில், ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. பாட்டியின் சுருக்குப்பை வாயைப்போல் அது எப்போதும் மூடியே இருக்கும். சோறு வரும்போது மட்டும் திறக்கும். இரைப்பைக்குள் ஊறும் அமிலம் மிகவும் காரமானது. இரைப்பையின் உட்சுவருக்கு அதைத் தாங்கும் கவசம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. சுருக்குப்பை வாய் தளர்ந்து, அமிலம் மேலே ஏறினால் குழாயின் மெல்லிய தோல் வெந்துபோகிறது. அந்த வேக்காட்டைத்தான் நாம் நெஞ்செரிச்சல் என்கிறோம்.

நெஞ்செரிச்சல் எல்லா இனத்தாருக்கும் வரும். ஆனால் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் உள்நோக்குக் கருவியால் பார்த்துச் செய்து, 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அமிலம் ஏறி உணவுக்குழாய் புண்ணாவது நம் நாட்டு இந்தியர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. நம் அன்றாட வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

மரம் வெட்டப் போகிறவர் விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றில் கறுப்புக் கோப்பியைக் குடித்துவிட்டு நிறைக்குப் போகிறார். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது பசி வயிற்றைக் கிள்ளுகிறது. அவசர அவசரமாக அள்ளி விழுங்குகிறார். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் பிள்ளைகளோ காலையில் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் படுத்துவிடுகிறார்கள். வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால், மூடியில்லாத பானையைச் சாய்த்துவைத்ததுபோல் அமிலம் மேலே வழிகிறது. எண்ணெய்ப் பலகாரம், மிதமிஞ்சிய காரம், கோப்பி, சிகரெட், மது ஆகியவை சுருக்குத் தசையைத் தளர்த்துகின்றன, அல்லது எரிச்சலைக் கூட்டுகின்றன. தொப்பை விழுந்தால் அது இரைப்பையைக் கீழிருந்து மேலே அழுத்துகிறது. கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் நெஞ்செரிச்சலும் இதுபோன்றதே. பெரும்பாலும் பிள்ளை பிறந்ததும் அது நின்றுவிடும்.

இதற்குப் பெரிய செலவில்லாத வைத்தியங்கள் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். ஒரே வேளையில் வயிறு புடைக்க உண்பதை விட்டு, அளவாகச் சாப்பிட வேண்டும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பெரியவர்கள் சொன்னது உணவுக்குழாய்க்கும் பொருந்தும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கெட்டியான பலகைக் கட்டைகளை வைக்கலாம். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் வளையும், நெஞ்சு உயராது. இடது பக்கமாகத் திரும்பிப் படுப்பதும் நல்லது. கைலியையோ பெல்ட்டையோ வயிற்றை இறுக்கிக் கட்டக்கூடாது. உடல் கனத்தவர்கள் சில கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எரிச்சல் வந்தால் கிளினிக்கில் காட்ட வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை மருத்துவர் கொடுப்பார். அவற்றைப் பசியாறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் விழுங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எரிச்சல் அடங்கிவிட்டது என்று இரண்டே நாளில் நிறுத்திவிடாமல், சொன்ன காலம்வரை சாப்பிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் அமிலம் ஏறிக்கொண்டே இருந்தால் குழாயில் தழும்பு விழுந்து அது சுருங்கக்கூடும். சிலருக்குக் குழாயின் அடிப்பகுதித் தோலே மாறிப்போய், பிற்காலத்தில் புற்றுநோய்க்கு வழிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் வரும் எல்லா வலியும் நெஞ்செரிச்சல் அல்ல. நெஞ்சை யாரோ அழுத்திப் பிடிப்பதுபோல் வலித்து, குப்பென்று வியர்த்து, வலி இடது தோளுக்கோ தாடைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி குறைவாகவும் இருக்கலாம். அப்போது ஓமத்தண்ணீர் காய்ச்சிக்கொண்டு நேரத்தைக் கடத்தக்கூடாது. 999-ஐ அழைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதுவரை சொன்னது நம் வயிற்றுக்குள் ஊறும் அமிலம். இனி, வீட்டுக்குள் நாமே கொண்டுவந்து வைக்கும் அமிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டை அறியாத தோட்டத்துக் குடும்பம் இல்லை. அதன் பெயர் பார்மிக் ஆசிட். எறும்புக்கு லத்தீன் மொழியில் வழங்கும் பெயரிலிருந்து வந்த சொல் அது. மரத்திலிருந்து விழும் செவ்வெறும்பு கடித்தால் சுரீர் என்று எரிகிறதே, அந்த எரிச்சலில் இருப்பதும் இதே அமிலம்தான். எறும்பிடம் இருப்பது ஒரு துளியிலும் ஒரு துளி. நீர் கலக்காத ஆசிட்டில் ஒரு வாய் போதும். உதடு, நாக்கு, உணவுக்குழாய், இரைப்பை எல்லாம் வெந்துவிடும். இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகமும் கெடும். ரப்பர் விளையும் கேரளத்திலும் மருத்துவர்கள் இந்த விபரீதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பால் உறைகிற இடமெல்லாம் இந்த ஆபத்தும் இருக்கிறது.

பிழைத்துக்கொண்டவர்களுக்கும் துன்பம் அதோடு தீர்வதில்லை. வெந்த புண் ஆறும்போது தழும்பாகிறது. தழும்பு இறுகும்போது குழாய் சுருங்குகிறது. ஆசிட் குடித்துச் சில வாரங்கள் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் வேளையில் சோறு அடைக்கத் தொடங்கும். அப்போது மருத்துவர்கள் குழாயைக் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிட வேண்டும். அதை ஒரு முறையோடு முடிக்க முடியாது. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும்.

ஆகவே ஆசிட்டை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. ஒட்டுத் தோட்டம் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்கள் அதைக் கொட்டகையிலேயே பூட்டி வைக்க வேண்டும். குளிர்பானப் பாட்டிலிலோ தண்ணீர்ப் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கக்கூடாது. வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளைக்குப் பாட்டிலின் நிறம்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. பராகுவாட் என்ற களைக்கொல்லியும் வாயையும் உணவுக்குழாயையும் வேகவைத்து, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. மலேசியாவில் அது 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய பாட்டில் எங்காவது ஒரு மூலையில் இருந்தால் அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். குழிகளிலும் ஆற்றிலும் ஊற்றாமல், விவசாய இலாகாவைக் கேட்டு ஒப்படைத்துவிட வேண்டும்.

யாராவது ஆசிட்டைக் குடித்துவிட்டால் என்ன செய்வது? வாந்தி எடுக்கவைக்கக்கூடாது. இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். இறங்கும்போது ஒரு முறை வேகவைத்த ஆசிட், ஏறும்போது மறுபடியும் வேகவைக்கும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதையும் கொடுக்கக்கூடாது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொல்ல வேண்டும். ஆசிட் பட்ட துணியைக் கழற்றி, உடம்பில் தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவ வேண்டும். 999-ஐ அழைக்க வேண்டும். பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை மருத்துவர்கள் கலந்துகொள்வதற்கு அந்தப் பாட்டிலில் உள்ள பெயர் உதவும்.

வருத்தத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிட்டையும் களைக்கொல்லியையும் குடிப்பவர்கள் எல்லாரும் தவறுதலாகக் குடிப்பவர்கள் அல்லர். கடன், குடும்பச் சண்டை, மனச்சோர்வு, குடி என்று ஏதோ ஒரு வேளையில் கைக்கு எட்டியதை எடுத்துக் குடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வேளை பெரும்பாலும் கடந்துவிடக்கூடியதே. கைக்கு எட்டாமல் பூட்டி வைத்திருந்தால் ஓர் உயிர் தப்பும். முன்பெல்லாம் போலீசுக்குப் பயந்து இதை மறைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதித்தவர்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு நம் நாட்டில் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி மறைக்க வேண்டிய காரணமே இல்லை. உண்மையைச் சொன்னால்தான் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.

பிள்ளைகள் விஷயத்தில் புதிதாக வந்திருக்கும் ஆபத்து, விளையாட்டுப் பொருள்களிலும் ரிமோட்டிலும் இருக்கும் காசுபோன்ற வட்ட பேட்டரி. அது குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே சுவரை வேகவைத்து ஓட்டை போடத் தொடங்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். மலத்தில் வரட்டும் என்று காத்திராமல் உடனே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

பெரியவர்களிடம் உள்ள வழக்கம் ஒன்று, தொண்டையில் மீன் முள் குத்தினால் வெறும் சோற்றை உருட்டி விழுங்குவது. சில சமயம் முள் இறங்கிவிடும். சில சமயம் இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்ளும். வலி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவதே நல்லது. மாத்திரை விழுங்குவதிலும் கவனம் வேண்டும். படுத்துக்கொண்டு எச்சிலோடு விழுங்கிய மாத்திரை வழியிலேயே ஒட்டிக்கொண்டு கரைந்து, அந்த இடத்தைப் புண்ணாக்கும். வலி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் இப்படிச் செய்யக்கூடியவை. உட்கார்ந்து, ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.

அடுத்து வெற்றிலைக்கு வருவோம். வெற்றிலையும் பாக்கும் நம் மங்கலப் பொருள்கள். கல்யாணத்தில் தாம்பூலத் தட்டை வைப்பதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் தட்டில் இருப்பது வேறு. காலையிலிருந்து மாலைவரை கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு. பசியை மறக்கவும், வெயிலில் களைப்பை மறக்கவும் தோட்டத்தில் நம் தாய்மார்கள் வெற்றிலை போட்டார்கள். புகையிலையையும் சேர்த்துக்கொண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-இல் முடிவு செய்தது. புகையிலை இல்லாவிட்டால் பரவாயில்லையே என்று சிலர் கேட்பார்கள். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் ஆபத்தே என்று 2004-இல் அதே அமைப்பு வெளியிட்டது. 2012-இல் வெளிவந்த அறிக்கையில் அதனால் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் வருகிறது என்று சேர்த்துச் சொன்னது. பாக்கே குற்றவாளி. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. வாயில் ஊறும் அந்தச் சாற்றில் கொஞ்சம் தினமும் தொண்டை வழியே இறங்குகிறது. வாய்க்கு வருவது அதன் அடுத்த வீட்டுக்கும் வரும்.

ஆண்களுக்கு இதோடு சிகரெட்டும் சம்சுவும் சேர்கின்றன. சாராயம் உடலில் மாறும்போது உண்டாகும் ஒரு பொருள் உணவுக்குழாயின் செல்களைக் கெடுக்கிறது. புகையும் மதுவும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டால் ஆபத்து ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூடுவதில்லை. பல மடங்காகப் பெருகுகிறது. மலிவாகக் கிடைக்கும் சம்சுவைச் சோறில்லாமல் வெறும் வயிற்றில் குடிப்பது இன்னும் கேடு. கொதிக்கக் கொதிக்கக் கோப்பி குடிப்பதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2016-இல் அதே அமைப்பு அறிவித்தது. கோப்பியில் குற்றமில்லை, சூட்டில்தான் குற்றம். ஆற்றிக் குடித்தால் போதும்.

இப்போது நாம் முதலில் சொன்ன செய்திக்குத் திரும்புகிறோம். உணவுக்குழாய் ரப்பரைப்போல் விரிந்துகொடுக்கும். அதனால் உள்ளே கட்டி வளரத் தொடங்கினாலும் சோறு பக்கவாட்டில் இடம் கண்டுபிடித்து இறங்கிக்கொண்டே இருக்கும். வழியின் பெரும்பகுதி அடைபட்ட பிறகுதான் நமக்குத் தெரியவரும். அப்படித் தெரியும்போது அது ஒரு வரிசையாக வரும். முதலில் இறைச்சித் துண்டும் காய்ந்த ரொட்டியும் சிக்கும். பிறகு தோசையும் சோறும் சிக்கும். பிறகு கஞ்சிதான் இறங்கும். கடைசியில் தண்ணீர்கூட நிற்கும். ஒவ்வொரு படியிலும் மனிதர் தம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு சமாளித்துவிடுகிறார். இறைச்சி பிடிக்கவில்லை என்பார். சோறு செரிக்கவில்லை, கஞ்சியே போதும் என்பார். மற்றவர்களுக்கு அது பத்தியம்போல் தெரியும்.

நம் வீடுகளில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தாய் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவள் எப்படி விழுங்குகிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. மூன்று மாதமாக அவள் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. ரவிக்கை தொளதொளவென்று ஆனபிறகுதான், அம்மா ஏன் இப்படி இளைத்துவிட்டாள் என்ற கேள்வி எழுகிறது. தாத்தாவும் இப்படித்தான். பல் இல்லை, அதனால்தான் என்று சொல்லிவிடுவார். பல் இல்லாவிட்டால் மெல்லுவது கடினமாகும். மென்றது நெஞ்சில் சிக்காது.

விழுங்குவதில் தடையோடு உடல் இளைப்பது, குரல் கம்முவது, தண்ணீர் குடித்தால் இருமல் வருவது, விழுங்கும்போது வலிப்பது, வாந்தியில் இரத்தம், தார்போல் கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தக்கூடாது. தொக்கம் எடுப்பவரிடம் போய்ச் சிக்கியிருப்பதை எடுத்துவிட்டதாக நம்பித் திரும்பி வருகிறவர்கள் உண்டு. கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறவர்களும் உண்டு. மனத்துக்கு ஆறுதலாக எதைச் செய்தாலும் செய்யட்டும். ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாளை அதற்காகத் தள்ளிப்போடக்கூடாது.

அடைப்பு என்றாலே புற்றுநோய் என்று பயந்து வீட்டில் இருந்துவிடுவதும் தவறு. அமிலத் தழும்பால் வந்த சுருக்கம் இருக்கலாம், அதை விரித்துவிடலாம். அடிமுனைச் சுருக்குத் தசை திறக்க மறுக்கும் அக்கலேசியா என்ற நோய் இருக்கலாம். அதில் சோறும் தண்ணீரும் ஒரே மாதிரியாகத் தடுக்கும். இரவில் பழைய சோறு வாய்க்கே திரும்பி வரும். அதற்கும் பலூனால் விரிப்பதும் அறுவை சிகிச்சையும் உண்டு. புற்றுநோயாகவே இருந்தாலும், தொடக்கத்தில் கண்டுபிடித்தால் சிலருக்கு வயிற்றைக் கிழிக்காமல் உள்நோக்குக் குழாய் வழியாகவே அதைச் சுரண்டி எடுத்துவிட முடிகிறது. சற்று முற்றியிருந்தால் அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்று சேர்த்துச் செய்கிறார்கள். மிகவும் முற்றிவிட்டாலும் வழியைத் திறந்துவைக்க ஒரு வலைக்குழலைப் பொருத்தி, நோயாளி வாயால் உண்ண வழி செய்கிறார்கள். எந்தப் படியில் வருகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

எங்கே போவது? அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். பாக்கார் ஆராங்கிலேயே ஓர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால் கடிதம் கொடுத்துச் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நம் தாய்மார்களில் சிலர் மலாய் சரியாக வராது என்று கூச்சப்பட்டு, வயிற்று வலி என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டே சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்: ‘சூசா தெலான்.’ விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். எத்தனை வாரமாக இருக்கிறது, எந்தச் சாப்பாடு தடுக்கிறது, எத்தனை கிலோ இளைத்திருக்கிறோம், வெற்றிலை, சிகரெட், மது உண்டா என்ற விவரங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படித்த பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துப் போவது நல்லது.

ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்று சொன்னால் பயப்பட வேண்டியதில்லை. சில மணி நேரம் எதுவும் உண்ணாமல் போக வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்து, சுண்டு விரல் பருமனுள்ள வளையும் குழாயை வாய் வழியாக விடுவார்கள். அதன் நுனியில் விளக்கும் சிறிய கேமராவும் இருக்கும். அது போவது உணவுக்குழாயில். மூச்சு விடுவது வேறு குழாயில். அதனால் மூச்சு முட்டிவிடும் என்ற பயம் வேண்டாம். குமட்டல் இருக்கும், மெதுவாக மூச்சு விட்டால் அடங்கிவிடும். பெரும்பாலும் கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சந்தேகமான இடத்திலிருந்து அரிசி அளவிலும் சிறிய துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அப்படிக் கிள்ளினால் நோய் பரவிவிடும் என்று சிலர் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது உண்மையில்லை. அந்தத் துண்டைப் பார்க்காமல் இன்ன நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நேயர்களே, தோட்டத்தில் ஒரு மரத்தின் பட்டையில் நோய் கண்டால் உடனே மருந்து தடவுகிறோம். பால் குறைந்தால் காரணம் தேடுகிறோம். நம் வீட்டில் ஒருவருடைய தட்டில் சோறு குறைந்தால் அதற்கும் காரணம் தேட வேண்டும். வாரத்தில் ஒரு வேளையாவது குடும்பத்தார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அம்மாவையும் நம்மோடு உட்காரவைப்போம். யார் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சோற்றைத் தள்ளுகிறார்கள், யார் கஞ்சிக்கு மாறிவிட்டார்கள் என்று அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த மறுநாள் காலையில் கிளினிக்கில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.